நல்ல வெயிலில் திறந்து பாருங்கள்

அனிமா சாந்த்ராவைப் பற்றி எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். சொன்னதைப் படிக்காமல் கேமராவைத் திறந்து, உள்ளே இருந்த பிலிமைக் கெடுத்துக்கொண்ட பெண்பிள்ளை. அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். அதனால் அவர் யார், எப்படிப்பட்டவர் என்று சொல்லவேண்டியவனும் நான்தான். அவராக வந்து சொல்லிக்கொள்ளும் ரகம் இல்லை.

அவருக்குக் கல்கத்தாவுக்குத் தெற்கே ஜெய்நகர் தபால் ஆபீசில் வேலை. கடிதங்களைப் பிரித்து முத்திரை குத்துவது. இருபத்து மூன்று வருடமாக அதே ஸ்டூல், அதே ஜன்னல். "ஊர்ல யாரு யாருக்குக் காதல் கடுதாசி போடறாங்கன்னு எனக்குத் தெரியும். என் பேருக்கு வர்றது கரண்டு பில் மட்டுந்தான்" என்று சொல்லிச் சிரிப்பார். வாய்விட்டுச் சிரிக்கிற மனுஷி. அவர் சிரித்து நான் பார்த்தது ஒரே ஒரு முறை.

அந்த வேலை கணவன் செத்துக் கிடைத்த வேலை. கோபேஸ்வர் தபால்காரர். சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு வரப்பு வரப்பாகப் போகிறவர். கல்யாணமான மறுவருடம், பூஜைக்குத் துணி எடுக்கக் கல்கத்தா போனவர், கிதிர்பூர் துறைமுகத்தில் ஒரு மாலுமியிடம் ரஷ்யக் கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அவர் அம்மா மூன்று நாள் அவருக்குச் சோறு போடவில்லையாம். அனிமாதிதான் சமையலறைப் பின்வாசல் வழியாகத் தட்டை நீட்டியிருக்கிறார். எங்கள் பக்கம் அக்காவின் பெயரை 'தி' என்றுதான் முடிப்போம். நானும் அவரை அப்படித்தான் அழைக்கிறேன், அழைக்க எனக்கு யோக்கியதை உண்டோ இல்லையோ.

கோபேஸ்வர் கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்தார். குளம், தபால் பை, பக்கத்து வீட்டு ஆடு, துணி உலர்த்தும் மனைவி. படம் எடுக்கிறவன் படத்தில் இருக்கமாட்டான் அல்லவா, அதனால் அவர் எதிலும் இல்லை. கல்யாணப் போட்டோவில் இருக்கிறார். ஆனால் தலையில் தக்கைக் கிரீடமும் நெற்றி முழுக்கச் சந்தனப் புள்ளியுமாக, அதில் யார் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும். எண்பத்து நாலில் மகள் பியாலி பிறந்தாள். ஆறாம் மாதம் சோறூட்டும் சடங்கு. அது முடிந்து ஐந்து வாரத்தில், கடிதம் கொடுக்கப் போன வழியில் வயல் வரப்பில் பாம்பு கடித்துக் கோபேஸ்வர் போய்விட்டார். கேமரா தகரப் பெட்டிக்குள் போயிற்று. அனிமாதிக்கு அப்போது வயது இருபத்தைந்து.

இனி என் கதை. என் பெயர் சுகோமல். கல்கத்தாவில் ஒரு தேயிலைக் கம்பெனியில் குமாஸ்தா. ஆபீசில் என்னை யாரும் மதிப்பதில்லை, வீட்டில் மனைவி காகொலி மதிப்பதில்லை. ஆனால் இணையத்தில் 'பிலிம் அட்டா' என்று ஒரு குழு இருந்தது. அட்டா என்றால் எங்கள் ஊரில் வேலைவெட்டியை விட்டுவிட்டு உட்கார்ந்து பேசுவது. உலகமே டிஜிட்டலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது பிலிமை விடமாட்டோம் என்று பிடிவாதமாக இருந்த நானூறு வங்காளிகள் அங்கே இருந்தோம். அந்த நானூறு பேருக்கும் நான் சுகோமல்தா, எல்லோருக்கும் அண்ணன். எந்த லென்ஸ் நல்லது, எந்தக் கேமராவில் ஒளி கசியும், காளான் பிடித்த கண்ணாடியை எப்படித் துடைப்பது என்று யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லுகிறவன். குழுவின் காவல்காரனும் நான்தான். பிறர் எழுதியதைத் திருத்த, நீக்க எனக்கு அதிகாரம் உண்டு.

குழுவின் விதிகளை எழுதியதும் நானே. புதியவரைக் கேலி செய்யாதே. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாதே. நான்காவது விதி எனக்கு மிகவும் பிடித்தது: ஒருவர் உன் பதிலை நம்பிக் காரியம் செய்த பிறகு, அந்தப் பதிலை ஓசையில்லாமல் திருத்தாதே, திருத்தினால் திருத்தியதாகக் கீழே எழுது. மற்றவர்கள் திருத்தினால் 'திருத்தப்பட்டது' என்று தானாகவே விழும். காவல்காரன் திருத்தினால் விழாது. அந்த ஓட்டை எனக்கு மட்டும் தெரியும்.

இரண்டாயிரத்து ஒன்பது, தீபாவளியை ஒட்டி வரும் காளி பூஜை முடிந்த வாரம். அனிமாதி குழுவில் முதல்முறையாக எழுதினார். கணக்குத் தொடங்கிக் கொடுத்தது பியாலி. அவள் கல்கத்தா சால்ட் லேக்கில் வேலை பார்க்கிறாள், அங்கேயே விடுதியில் தங்கியிருக்கிறாள். தபால் ஆபீசுக்கு விண்ணப்பம் எழுதுகிற நடையில் இருந்தது அந்தக் கேள்வி.

'மதிப்பிற்குரிய ஐயா, என் கணவரின் ரஷ்யக் கேமரா இருபத்தைந்து ஆண்டுகளாகப் பெட்டியில் உள்ளது. ஜனவரிக் கடைசியில் மகளுக்குத் திருமணம். தகப்பனார் பொருள் என்று அவளிடம் எதுவும் இல்லை. இதைக் கொடுக்க விரும்புகிறேன். வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?'

அந்த நேரத்தில் நான் வேறொரு சண்டையில் இருந்தேன். சிலிகுரியில் ஹீரக் என்று ஒரு பல் டாக்டர் உண்டு. ஜெர்மன் லென்ஸ் உசத்தியா, ஜப்பான் லென்ஸ் உசத்தியா என்று அவருக்கும் எனக்கும் பதினோரு பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவர் முகத்தில் கரி பூச நல்ல பதில் ஒன்று கை நுனியில் இருந்தது. அதை எழுதும் அவசரத்தில், நடுவில் அனிமாதிக்கு ஐந்து வரி தட்டிவிட்டேன்:

'பின் கதவைத் திறங்கள். நல்ல வெயிலில் பிடித்துக்கொள்ளுங்கள். வேகத்தை முப்பதில் வையுங்கள். பட்டனை அழுத்துங்கள். உள்ளே திரை திறந்து மூடி, வெளிச்சம் தெரிந்தால் கேமரா உயிரோடு இருக்கிறது.'

எங்கள் ஆட்களிடம் பழைய கேமராவைக் கொடுத்துப் பாருங்கள். கை முதலில் போவது பின் கதவுக்கு அல்ல, மேலே இருக்கும் சுற்றுக் குமிழுக்கு. அதை லேசாகத் திருப்பிப் பார்ப்போம். இறுகினால் உள்ளே பிலிம் இருக்கிறது, திறக்கக்கூடாது. அரிச்சுவடி இது. நேற்று கேமரா வாங்கியவனுக்கும் தெரியும். நானூறு பேருக்கு வாத்தியார் வேலை பார்த்த நான் அதைச் சொல்லவில்லை. சொல்லாததோடு விட்டேனா, வெயிலில் பிடிக்க வேறு சொன்னேன்.

மறுநாள் மதியம் ஆபீசில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே குழுவைப் பார்த்தேன். அனிமாதி எழுதியிருந்தார். மொட்டை மாடியில் வெயிலில் வைத்துத் திறந்தாராம். உள்ளே பிலிம் இருந்ததாம். பதறி மூடுவதற்குள் நாலைந்து மூச்சு ஆகிவிட்டதாம். 'இதில் என் கணவர் குழந்தையை மடியில் வைத்திருக்கும் படங்கள் உள்ளன. சோறூட்டும் அன்று நான் எடுத்தவை. கொழுந்தனார் அப்போதே பிலிமை எடுத்துவிட்டார் என்று நினைத்திருந்தேன். படம் பிழைக்குமா ஐயா?'

எடுத்த லுச்சிப் பூரியை டப்பாவிலேயே போட்டேன். அந்தப் பதிவை இன்னும் யாரும் பார்க்கவில்லை. நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: என் தப்பு, மன்னியுங்கள் என்று எழுதவேண்டும். எழுதத்தான் போனேன், சத்தியமாக. விரல் வேறு எங்கோ போயிற்று. நேற்றைய என் பதிலைத் திறந்து, முதல் வரியாக ஒன்றைச் சேர்த்தேன்: 'முதலில் மேலே உள்ள குமிழைத் திருப்பிப் பாருங்கள், இறுகினால் உள்ளே பிலிம் உள்ளது, திறக்கவே திறக்காதீர்கள்.' சேமித்தேன். டிபனை மூடி வைத்துவிட்டுக் கை கழுவினேன்.

அப்புறம் கூட்டம் வந்தது. ஒரு மணி நேரத்தில் முப்பது பதில்.

"சுகோமல்தா முத வரியிலேயே தலையில அடிச்சுச் சொல்லியிருக்காரு. கண்ணை எங்க அடகு வெச்சீங்க?"

"கேக்கறது இலவசம், பதில் இலவசம், படிக்கறதுக்குமா ஆள் வைக்கணும்?"

எனக்கும் ஹீரக் டாக்டருக்கும் எலியும் பூனையும். அவரே அன்று என் கட்சி. "நான் வாயைத் தொறங்கன்னா பேஷண்ட் வாயைத்தான் தொறப்பான், மூக்கை இல்ல. சொன்னதைக் கேக்கத் தெரியாதவங்க எதுக்குய்யா கேக்கறாங்க?"

புதியவரைக் கேலி செய்யாதே என்று விதி எழுதியவன் அங்கேயே இருந்தேன். ஒருவரையும் அதட்டவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது காகொலி, "என்ன மூஞ்சி இது? யாராவது போயிட்டாங்களா?" என்றாள். "ஒண்ணுமில்ல, வாயுத் தொந்தரவு" என்றேன்.

இரண்டு நாள் அனிமாதியிடமிருந்து சத்தமே இல்லை. மூன்றாம் நாள் எழுதினார். 'அனைவருக்கும் வணக்கம். பிழை என்னுடையது. முதல் வரியைக் கவனிக்கத் தவறிவிட்டேன். சுகோமல் பாபுவின் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிப்புக் கோருகிறேன்.'

அதற்கு நான் எழுதிய பதிலை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. 'பரவாயில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான்' என்று எழுதினேன். பதினான்கு பேர் என் பெருந்தன்மையைப் பாராட்டினார்கள்.

தூக்கம் போய்விட்டது. பாவத்தைக் கழுவ ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். பிலிமைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வாருங்கள், நானே கழுவித் தருகிறேன், சிலது பிழைக்கலாம் என்று அவருக்குத் தனியாக எழுதினேன். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளைக்கு நெருங்கிய கைத்தறிப் புடவை, சால்வை. கையில் ஒரு பெட்டி நிறைய மோவா. புது ஈச்ச வெல்லத்தில் பொரி உருட்டிச் செய்கிற அந்த உருண்டை ஜெய்நகர்க்காரர் கையால் வந்தால் தனி.

"சாப்பிடுங்க சுகோமல் பாபு. உங்களுக்குன்னே செய்யச் சொன்னது" என்றார். நான் வாயில் போட்டுக்கொண்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டு பில் நகைச்சுவையை அப்போதுதான் காகொலியிடம் சொல்லிச் சிரித்தார். "உங்களுக்காவது பில்லு வருது. எனக்கு வர்றதெல்லாம் கேமரா பார்சல்" என்றாள் காகொலி.

குளியலறை ஜன்னலில் போர்வையைக் கட்டி, பிலிமைக் கழுவினேன். கேமராவுக்குள் எடுத்த படங்கள் ஒரு உருளையில் சுற்றிக்கொண்டே வரும். முதலில் எடுத்தது அடியில், கடைசியில் எடுத்தது மேலே. கதவைத் திறந்தால் மேலே இருப்பது முதலில் சாகும். முதல் பதினொன்று மங்கலாக வந்திருந்தன. பாயில் படுத்த குழந்தை, கொசுவலை, ஆடு, பஞ்சாயத்துக் குழாய். பன்னிரண்டிலிருந்து கடைசிவரை கருப்பு.

ஈரப் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். விரலால் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தார். கருப்பில் விரல் நின்றது.

"இதுதானா?"

"ஆமா. வெளிச்சம் பட்டா பிலிம்ல கருப்பாத்தான் வரும்."

"கடைசி ஆறு நான் எடுத்தது. அவருதான் சொல்லிக்கொடுத்தாரு. கை ஆடாம, மூச்சைப் புடிச்சிக்கிட்டு அமுக்குன்னாரு. மூச்சைப் புடிச்சிக்கிட்டுத்தான் அமுக்கினேன்" என்றார். விரலை எடுத்துக்கொண்டு, "பியாலி எங்கிட்ட சரியாப் பேசறதில்ல. கல்யாண வேலைக்கு மட்டும் போன் பண்ணுவா. என்ன பண்றது, அப்பா முகத்தைப் பாக்க அவளுக்கும் ஆசை இருக்குமில்ல" என்றார்.

உண்மை வாய்வரை வந்தது. காகொலி டீயோடு வந்தாள். விழுங்கிவிட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினார்.

கல்யாணத்துக்குப் போனேன். பதினொரு படத்தையும் அச்சுப்போட்டு எடுத்துக்கொண்டேன். ஒரு படத்தைப் பெரிதாக்கியிருந்தேன். பாயில் கிடக்கும் குழந்தைக்கு அருகே தரையில் ஒரு நிழல், முழங்கைகளை அகட்டிக் கேமராவைப் பிடித்த நிழல். கோபேஸ்வர் அவ்வளவுதான் மிஞ்சியிருந்தார். இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்று ரயிலில் மூன்று முறை ஒத்திகை பார்த்தேன்.

அந்திப்பொழுது முகூர்த்தம். பந்தலில் சங்கும் குலவையும். எங்கள் பக்கம் பெற்ற தாய் பிள்ளையின் கல்யாணத்தைக் கண்ணால் பார்க்கக்கூடாது. வேலை எல்லாம் செய்யலாம், பார்க்க மட்டும் கூடாது. அனிமாதி பின்கட்டு அறையில் பலகாரக் கூடைகளுக்கு நடுவே கட்டிலில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் படங்களைக் கொடுத்தேன். நிழல் படத்தை மடியில் வைத்து முந்தானையால் துடைத்தார்.

"நல்லா வந்திருக்கு. இதுதான் உங்கப்பான்னு நான் சொல்லணும், அவ நம்பணும்."

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் வராது என்று தோன்றியது. "அனிமாதி, அந்த முத வரி அன்னிக்கு இல்ல. நீங்க தொறந்தப்புறம் நான் சேர்த்தது. தப்பு என்னோடது. நாலு பேரு உங்களைத் திட்டினப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

அவர் நிமிரவில்லை. "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"என் வீட்ல ஏது கம்ப்யூட்டர்? ஸ்டேஷன் பக்கத்துக் கடையில உக்காந்து, நீங்க எழுதினதை ஒரு நோட்டுல எழுதிக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அஞ்சு வரி. நல்ல வெயில்ங்கறதுக்கு அடிக்கோடு வேற போட்டேன். பிலிம் போனதை எழுதிட்டு, அதுக்கு மறுநாள் கடைக்கு வந்து பாத்தா ஆறு வரி இருக்கு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே! அந்த நோட்டைக் காட்டியிருந்தா..."

"பியாலிகிட்டத்தான் முதல்ல காட்டினேன். அவ ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல படிச்சிட்டு, ராத்திரியே கிளம்பி வந்துட்டா. நோட்டைப் பாத்தா. என்ன சொன்னா தெரியுமா? 'அவ்வளவு பெரிய ஆளு பொய் சொல்லுவாரா? படத்தைக் கெடுத்ததும் இல்லாம, தப்பிக்கறதுக்கு இப்ப உக்காந்து எழுதியிருக்கே'ன்னா. அவதான் போய் மன்னிப்புக் கேக்கச் சொன்னா. கேட்டேன்."

வெளியே குலவை உயர்ந்தது. எனக்கு அந்த அறையில் நிற்க இடம் போதவில்லை.

"படம் போனது போகட்டும் சுகோமல் பாபு. அது இருந்ததே எனக்கு மறந்துபோச்சு. ஆனா என் பொண்ணு என்னைப் பொய்க்காரின்னு நெனச்சிக்கிட்டு இன்னொரு வீட்டுக்குப் போறா. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். கடைக்குத் தினம் போய்ப் பாத்தேன். உங்க வீட்டுக்கு வந்தப்ப, மோவாவை வாயில போடறப்பவாவது சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"இப்பவே போய் அவகிட்ட சொல்லிடறேன்."

"உக்காருங்க. மணையில தூக்கிச் சுத்திக்கிட்டு இருக்கற பொண்ணுகிட்ட என்ன சொல்லுவீங்க? நாளைக்கு எழுதுங்க. எங்க என்னைத் திட்டினாங்களோ அங்கேயே எழுதுங்க. படிச்சா படிக்கட்டும்."

எழுதுகிறேன் என்றேன். எழுதவும் செய்தேன், மறுநாள் காலையிலேயே. காவல் வேலையையும் விட்டுவிட்டேன். அதெல்லாம் பெரிய காரியம் இல்லை. மூன்று மாதம் தாமதமாகச் செய்த எதுவும் பெரிய காரியம் இல்லை.

சங்கு மறுபடி ஊதியது. அனிமாதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டிலில் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார். "நீங்க பாக்கலாம். கதவுகிட்ட நின்னு என்ன நடக்குதுன்னு சொல்லுங்க."

கதவைக் கொஞ்சம் திறந்தேன். நாலு பையன்கள் பலகையோடு பியாலியைத் தூக்கி மாப்பிள்ளையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். அவள் இரண்டு கையிலும் வெற்றிலையைப் பிடித்து முகத்தை மூடியிருந்தாள்.

"எத்தனாவது சுத்து?"

"ஏழு. நிறுத்திட்டாங்க."

"இலையை எடுத்தாளா?"

"எடுக்கறா. எடுத்துட்டா. மாப்பிள்ளையைப் பாக்கறா. சிரிக்கறா."

"சிரிக்கறாளா?" என்று கேட்டு அவரும் சிரிக்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்தப் பக்கம் பாத்தாளா?" என்றார்.

பியாலி இலைகளைக் கீழே விட்டாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள், தோழிகளைப் பார்த்தாள், கேமராக்காரனைப் பார்த்தாள். நாங்கள் இருந்த கதவு அவளுக்கு நேர் எதிரே இருந்தது. ஆமாம், பார்த்தாள் என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது. ஒரே ஒரு சொல். அந்தம்மா இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குவார்.

"இல்ல, அனிமாதி. பாக்கல."

அவர் நிழல் படத்தைத் திருப்பிக் கட்டிலில் வைத்தார். "சரி. கதவைச் சாத்திடுங்க, புகை வருது" என்றார்.